பேயைத் தேடி ஒரு மலைப் பயணம்

பத்மநாபசுவாமி கோயில் தரிசனம் முடிந்ததும் தமிழ்நாட்டுப் பயணிகள் பலர் நேராக நுழைவது சாலைக் கடைத்தெருவில். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது. நேந்திரங்காய் வறுவல், மிளகு, பித்தளைப் பாத்திரம் என்று பை நிறைவதற்குள் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொள்கிறது. தலைமுறைகளாகக் கடை நடத்தும் தமிழ் வணிகர்கள் இருப்பதால் வழி கேட்க மலையாளம் தேவையில்லை. பக்கத்தில் குளிர்ச்சியாக எங்கே போகலாம் என்று கேட்டால் முதலில் வரும் பெயர் பொன்முடி.

தூரம் சுமார் 60 கி.மீ. நெடுமங்காடு, விதுரா தாண்டிக் கல்லாறை எட்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். ஊட்டி, கொடைக்கானல் போல ஏரி, படகு, குதிரை என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். புல்வெளி, மூடுபனி, காற்று, அவ்வளவுதான். (அதுவே போதும் என்பவர்களுக்கான மலை.) மழைக்காலத்தில் அதுவும் உத்தரவாதமில்லை. 2022இல் மழையில் பாதை இடிந்து மாதக்கணக்கில் பயணிகள் ஏற முடியாமல் போனது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே மலையில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டி நடந்தது.

விதுரா பகுதியிலிருந்து இன்னொரு மலைப்பாதை பிரிகிறது. அது போய்ச் சேரும் இடம் போணக்காடு. அகத்தியர்கூடத்துக்கு ஏறுபவர்கள் புறப்படுவது இங்கிருந்துதான். தமிழுக்கு இலக்கணம் தந்ததாகச் சொல்லப்படும் முனிவரின் பெயரைத் தாங்கிய 1,868 மீட்டர் சிகரம் அது; தாமிரபரணி பிறப்பதும் இதே மலைத் தொகுதியில்தான். ஆண்டின் தொடக்க மாதங்களில் மட்டும் வனத்துறை அனுமதியோடு ஏறலாம். பெண்களுக்கு நெடுங்காலம் அடைத்தே இருந்த இந்தப் பாதை, கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2019இல்தான் திறந்தது.

இளைஞர்கள் போணக்காட்டுக்குப் படையெடுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அங்கே ஒரு பழைய எஸ்டேட் பங்களா பாழடைந்து நிற்கிறது. பிரிட்டிஷ் அதிகாரியின் மகள் அங்கே இறந்துபோனாளாம். அவள் ஆவி உலவுகிறதாம். ஆதாரம் எதுவும் இல்லாத இந்தக் கதை யூடியூப் புண்ணியத்தில் ஊரெல்லாம் பரவிவிட்டது. வருகிறவர்கள் உடைந்த ஜன்னல்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

உண்மையில் திகைக்க வைப்பது பங்களா அல்ல, பக்கத்தில் இருக்கும் லயங்கள். இங்கே வசிப்பவர்களில் பலர் பிரிட்டிஷ் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட தோட்டத் தொழிலாளர்களின் வாரிசுகள். 1990களின் இறுதியில் தேயிலை விலை சரிந்தது. பீர்மேடு உட்படக் கேரளத்தின் பல பகுதிகளில் முதலாளிகள் தோட்டங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். போணக்காடும் அந்தக் காலகட்டத்தில் நொடித்தது. சம்பளம் நின்றது. பணிக்கொடை பாக்கி விழுந்தது. தொழிற்சாலை இயந்திரங்கள் துருப்பிடித்தன. கொழுந்து பறிக்க ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்தன.

பிறகும் ஏன் அங்கேயே இருந்தார்கள்? வீட்டுக்காகத்தான். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், குடியிருப்பு தரும் பொறுப்பை நிர்வாகத்தின் மீது வைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேலையும் வீடும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டதால், தோட்டம் நின்றபோது சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத குடும்பங்கள் சிக்கிக்கொண்டன. பாக்கியை வாங்காமல் வீட்டைக் காலி செய்தால், பணத்தைக் கேட்கும் கடைசிப் பிடியும் போய்விடும். தாத்தா காலத்திலேயே விட்டுவந்த தமிழ்நாட்டு ஊருக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை. எனவே கூரை ஒழுகினாலும் சுவர் விரிந்தாலும் லயத்தை விடவில்லை. முடிந்தவர்கள் கூலி வேலை தேடி விதுரா பக்கம் இறங்கினார்கள்.

பொன்முடிக்கு ஏறும் வழியிலும் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. கார்களை ஓரம் கட்டி அந்தப் பச்சைக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்களைப் பார்க்கலாம். பராமரித்த தோட்டத்தில் செடிகள் இடுப்பளவுக்கு மேல் போகாது, கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். போணக்காட்டில் அவை ஆள் உயரம் தாண்டி, காட்டோடு காடாகக் கலந்துவிட்டன.