டிரைவர் இல்லாமல் வண்டி நகருமா?

மைசூர்: எஞ்சின் தயார், டிரைவர் வரவில்லை. வண்டி கிளம்புமா? லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் இதே கதைதான்!

சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், 1993-ல் தொடங்கிய டெபியனை அடிப்படையாகக் கொண்டது. இதில் ஒரு மென்பொருள் இயங்கப் பல துணைப் பொதிகள் வேண்டும். 'டிபிகேஜி' கட்டளை குறையைச் சொல்லும்; துணையைத் தேடித் தராது. தேடித் தருவது 'ஆப்ட்'.

இங்குள்ள தமிழ் மாணவர் ஒருவர், துணை கிடைக்காத எரிச்சலில் கம்ப்யூட்டரையே அழித்துவிட்டு மீண்டும் ஏற்ற முனைந்தார். உள்ளே பரீட்சைக் குறிப்புகள்! நண்பர் தடுத்தார். முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்'; களஞ்சியப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டது. அடுத்து, 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. விடுபட்ட பொதிகள் இணையம் வழியே வந்து சேர்ந்தன. குறிப்புகளும் தப்பின.

ஓர் எச்சரிக்கை: சம்மதம் தருமுன் நீக்கப்படும் பொதிகளின் பட்டியலைப் படியுங்கள். அவசரம் ஆபத்து!