கிட்புரூக் பள்ளி

கிட்புரூக் பள்ளி என்பது தென்கிழக்கு இலண்டனில், கிரீனிச் நகராட்சிக்கு உட்பட்ட கிட்புரூக் என்னும் இடத்தில் 1954ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அரசு இடைநிலைப் பள்ளியாகும். பதினோரு வயதில் நடத்தப்படும் தேர்வைக் கொண்டு பிள்ளைகளைத் தரம் பிரிக்காமல், சுற்றுவட்டாரப் பிள்ளைகள் அனைவரையும் ஒரே பள்ளியில் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் இங்கிலாந்தில் "காம்ப்ரிஹென்சிவ்" பள்ளிகள் எனப்படுகின்றன. அந்நோக்கத்திற்கெனவே புதிதாகக் கட்டப்பட்ட இலண்டனின் முதற்பள்ளி இதுவாகும். 2011இல் கொரெல்லி கல்லூரி எனவும், 2018இல் ஹேலி அகாதமி எனவும் இப்பள்ளி பெயர் மாற்றம் பெற்றது.

சில நூல்கள் இதனைப் பிரித்தானியாவின் முதல் காம்ப்ரிஹென்சிவ் பள்ளி எனக் குறிப்பிடுவது சரியன்று. வேல்சின் ஆங்கில்சித் தீவிலுள்ள ஹோலிஹெட்டில் 1949ஆம் ஆண்டிலேயே இத்தகைய பள்ளி ஒன்று இயங்கத் தொடங்கிவிட்டது. இலண்டனிலும் பழைய கட்டடங்களில் சில பள்ளிகள் சோதனை முறையில் நடத்தப்பட்டு வந்தன.

பின்னணி

இங்கிலாந்து, வேல்சுக்கான 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், அரசுப் பள்ளிகளில் இடைநிலைக் கல்வியைக் கட்டணமற்றதாக்கியது. எவ்வகைப் பள்ளிகள் இருக்க வேண்டும் என்பதை அச்சட்டம் வரையறுக்கவில்லை. எனினும் கல்வி அமைச்சும் பெரும்பாலான உள்ளூராட்சி மன்றங்களும் கிராமர் பள்ளி, தொழில்நுட்பப் பள்ளி, செகண்டரி மாடர்ன் பள்ளி என மூவகைப் பள்ளிகளைக் கொண்ட முறையையே பின்பற்றின. தொழில்நுட்பப் பள்ளிகள் மிகச் சில இடங்களிலேயே அமைந்தன. எனவே நடைமுறையில், பதினோராம் வயதில் எழுதும் "லெவன் பிளஸ்" தேர்வில் தேறியோர் கிராமர் பள்ளிக்கும், ஏனையோர் செகண்டரி மாடர்ன் பள்ளிக்கும் சென்றனர். தேறியோர் மாணவர்களில் சிறு பகுதியினரே. பல்கலைக்கழகம் செல்லும் வழி பெரும்பாலும் கிராமர் பள்ளியின் ஊடாகவே சென்றது. மற்றப் பள்ளியில் படித்தோரில் மிகப் பலர் 15 வயதில் பொதுத் தேர்வு எதுவும் எழுதாமலேயே வேலைக்குச் சென்றனர்.

தொழிற்கட்சியின் வசமிருந்த இலண்டன் கவுண்டி மன்றம் இம்முறையை ஏற்கவில்லை. 1947ஆம் ஆண்டு அது வெளியிட்ட இலண்டன் பள்ளித் திட்டம், நகரெங்கும் காம்ப்ரிஹென்சிவ் பள்ளிகளை அமைக்க வேண்டும் என்றது. போரில் பல பள்ளிகள் குண்டுவீச்சால் சேதமடைந்திருந்தமையால் புதுக் கட்டடங்கள் எப்படியும் தேவைப்பட்டன.

எல்தம் ஹில் விவகாரம்

அருகிலிருந்த எல்தம் ஹில் பெண்கள் கிராமர் பள்ளியை மூடி, அதன் மாணவியரை வேறு பள்ளிகளின் மாணவியருடன் சேர்த்து கிட்புரூக்கிற்கு மாற்றுவதே கவுண்டி மன்றத்தின் திட்டமாக இருந்தது. எல்தம் ஹில் பெற்றோர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். தேர்வில் தேறித் தம் மகள் பெற்ற இடத்தை, அதுவரை எவரும் நடத்திப் பார்த்திராத ஒரு பெரும் பள்ளிக்காக இழக்க அவர்கள் விரும்பவில்லை. இந்த அச்சத்தை வெறும் வர்க்க உணர்வு எனத் தள்ளிவிட இயலாது.

1944ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பள்ளியை மூடுவதற்கு முன் அறிவித்தல் வெளியிட வேண்டும். உள்ளூரார் மறுப்புத் தெரிவிக்கலாம். இறுதி முடிவு அமைச்சருடையது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்த புளோரன்ஸ் ஹார்ஸ்புரூ. அக்கட்சி அமைத்த அமைச்சரவையில் இடம்பெற்ற முதற்பெண் அவரே. 1954ஆம் ஆண்டு, புதிய பள்ளி திறக்கப்படவிருந்த வேளையில், எல்தம் ஹில் பள்ளியை மூட அவர் அனுமதி மறுத்தார்.

கட்டடம் எழுந்துவிட்டமையால் பள்ளி திறக்கப்பட்டது. ஆயினும் தேர்வில் தேறிய சிறுமியருக்கென ஒரு பள்ளி அருகிலேயே தொடர்ந்து இயங்கியதால், அனைவருக்குமான பள்ளி என்னும் நோக்கம் தொடக்கத்திலேயே பாதியளவில்தான் நிறைவேறியது. கிராமர் பள்ளிகள் மேலே உள்ளோரை எடுத்துக்கொள்ள, எஞ்சியோரைக் கொண்டு காம்ப்ரிஹென்சிவ் பள்ளி நடத்தும் இந்நிலையை ஆங்கிலக் கல்வியாளர்கள் பாலாடை எடுத்தலுக்கு ஒப்பிடுவர். எல்தம் ஹில் பள்ளியும் பின்னாளில் காம்ப்ரிஹென்சிவ் பள்ளியாக மாறியது.

கட்டடமும் வசதிகளும்

சிலேட்டர், யூரன் அண்ட் பைக் என்னும் கட்டடக் கலைஞர் நிறுவனம் பள்ளியை வடிவமைத்தது. ஏறத்தாழ 2,000 மாணவியருக்கெனத் திட்டமிடப்பட்ட இப்பள்ளி, அக்காலத்தில் வியப்பூட்டும் அளவுடையதாக இருந்தது. செப்புத் தகடு போர்த்திய குவிமாடத்தைக் கொண்ட பெரிய கூட்ட மண்டபம் இதன் அடையாளம். அறிவியல் ஆய்வுகூடங்கள், உடற்பயிற்சிக் கூடங்கள், சமையல், தையல், தட்டச்சு ஆகியவற்றுக்கான தனி அறைகள் என்பனவும் அமைக்கப்பட்டன. கிராமர் பள்ளிப் பாடங்களும் தொழிற்பாடங்களும் ஒரே வளாகத்தில் கிடைப்பதே இதன் சிறப்பு.

இவ்வளவு பெரிய பள்ளி ஏன் என்பதற்கு ஓர் எளிய கணக்கே விடை. 15 வயதுக்குப் பின்னும் படிப்பைத் தொடர்வோர் அன்று மிகக் குறைவு. எடுத்துக்காட்டாக, ஆண்டுதோறும் 300 பேர் சேரும் பள்ளியில் பத்தில் ஒருவர் மேல்வகுப்புக்குச் செல்வதாகக் கொண்டால் 30 பேரே எஞ்சுவர். அவர்கள் இயற்பியல், வரலாறு, பிரெஞ்சு எனப் பல பாடங்களுக்குப் பிரிந்தால் ஒரு வகுப்புக்குச் சிலரே இருப்பர். கிராமர் பள்ளிக்கு இணையான மேல்வகுப்பை நடத்த வேண்டுமாயின் அடித்தளம் அகன்றதாக இருக்க வேண்டும் என மன்றத்தினர் கருதினர். இத்தகைய பள்ளிகளைத் தொழிற்சாலைகளுடன் ஒப்பிட்டுக் குறைகூறியோரும் உண்டு. மாணவியர் கூட்டத்தில் தொலைந்து போகாதிருக்க, "இல்லங்கள்" எனப்படும் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்.

முதல் தலைமையாசிரியை மேரி கிரீன். இவர் பின்னர் "டேம்" பட்டம் பெற்றார்.

ஒரே பள்ளியில் சேர்ந்தமையால் எல்லோரும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர் எனக் கொள்ளலாகாது. இலண்டனின் தொடக்ககால காம்ப்ரிஹென்சிவ் பள்ளிகளில் திறன்வாரியாக வகுப்புகளைப் பிரிக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. எனினும் பள்ளி மாறாமலேயே ஒரு மாணவி மேற்பிரிவுக்குச் செல்லக்கூடிய வாய்ப்பு இருந்தது.

நிருவாக மாற்றங்கள்

1965இல் இலண்டன் கவுண்டி மன்றம் கலைக்கப்பட்டபோது, பள்ளி உள் இலண்டன் கல்வி ஆணையத்தின்கீழ் வந்தது. அதே ஆண்டு கல்வி அமைச்சர் அந்தோணி கிராஸ்லாந்து வெளியிட்ட 10/65 இலக்கச் சுற்றறிக்கை, நாடெங்கும் காம்ப்ரிஹென்சிவ் முறைக்கு மாறுமாறு உள்ளூராட்சி மன்றங்களைக் கேட்டுக்கொண்டது. அது கட்டளை அன்று, வேண்டுகோளே. அதனால் சில பகுதிகள் மாறவே இல்லை. 1980களில் கிட்புரூக்கில் ஆண் மாணவரும் சேர்க்கப்பட்டனர். 1990இல் ஆணையமும் கலைக்கப்படவே, கிரீனிச் நகராட்சி பள்ளியை ஏற்றது.

பள்ளி உணவு இயக்கம்

2005ஆம் ஆண்டு சானல் 4 ஒளிபரப்பிய தொடர் ஒன்றில், சமையற்கலைஞர் ஜேமி ஆலிவர் இப்பள்ளியின் சமையற்கூடத்தில் பணியாற்றினார். ஒரு மாணவரின் மதிய உணவுப் பொருள்களுக்கு 37 பென்ஸ் மட்டுமே செலவிடப்பட்டது என்னும் செய்தி நாட்டை அதிரவைத்தது. பொரித்த உருளைக்கிழங்கும், அரைத்த வான்கோழி இறைச்சியைச் சுருளாக்கிச் செய்த "டர்க்கி ட்விஸ்லர்" என்னும் பண்டமும் பள்ளி உணவின் சீர்கேட்டுக்கு அடையாளங்களாயின.

புதிய உணவு உடனே வரவேற்கப்படவில்லை. மாணவர் பலர் அதனை உண்ண மறுத்தனர். பொருட்செலவு கூடியது, புதிதாகச் சமைக்க நேரமும் அதிகம் பிடித்தது. தலைமைச் சமையலரான நோரா சாண்ட்சும் அவருடன் பணிபுரிந்த பெண்களும் உழைத்திராவிடில் இம்முயற்சி ஈடேறியிருக்காது. தொலைக்காட்சியின் புகழ் ஆலிவரையே பெரிதும் சேர்ந்தது.

2,71,677 பேர் ஒப்பமிட்ட மனு 2005 மார்ச்சில் பிரதமர் இல்லத்தில் அளிக்கப்பட்டது. அரசு 28 கோடி பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தது. பள்ளி உணவுக்கான புதிய தரவிதிகள் 2006 முதல் நடைமுறைக்கு வந்தன. பொருளியலாளர்கள் மிஷேல் பெலோ, ஜொனாதன் ஜேம்ஸ் ஆகியோர் கிரீனிச்சின் தொடக்கப் பள்ளிகளை அண்டை நகராட்சிப் பள்ளிகளுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். உணவு மாற்றத்திற்குப் பின் ஆங்கிலம், அறிவியல் தேர்வு முடிவுகள் மேம்பட்டதாகவும், உடல்நலக் குறைவு போன்ற காரணங்களால் வராமலிருத்தல் குறைந்ததாகவும் அவர்கள் கண்டனர்.

பெயர் மாற்றங்கள்

2011இல் பள்ளி, உள்ளூராட்சியின் கட்டுப்பாட்டிலிருந்து விலகி நடுவண் அரசிடம் நேரடியாக நிதி பெறும் "அகாதமி" வகைக்கு மாறியது. அப்போது பெற்ற கொரெல்லி என்னும் பெயர், பள்ளி அமைந்துள்ள தெருவின் பெயரே. 2018இல் லே அகாதமீஸ் அறக்கட்டளையுடன் இணைந்தபோது, வானியலாளர் எட்மண்ட் ஹேலியின் பெயர் சூட்டப்பட்டது. ஹேலி கிரீனிச்சில் அரச வானியலாளராகப் பணியாற்றியவர். அருகிலுள்ள லீ என்னும் இடத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்.

கிரீனிச் நகராட்சியில் இன்று கிராமர் பள்ளி எதுவும் இல்லை. ஆனால் கிழக்கே அதன் எல்லையை ஒட்டிய பெக்ஸ்லி நகராட்சியில் நான்கு கிராமர் பள்ளிகள் உள்ளன. நகராட்சி எல்லையை மட்டுமே காரணமாகக் காட்டி வெளிப்பகுதிப் பிள்ளைகளுக்கு இடம் மறுக்கலாகாது என 1989ஆம் ஆண்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிரீனிச் நகராட்சிக்கு எதிரான வழக்கில் வந்தமையால் அது "கிரீனிச் தீர்ப்பு" எனப்படுகிறது. அதன்படி கிட்புரூக் பகுதிப் பிள்ளைகளும் பெக்ஸ்லியின் பதினோரு வயதுத் தேர்வை எழுதலாம்.