மாத்திரைக்கு முன்னால் ஊசி

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள் அக்கா. முட்டி வீங்கி வலியில் துடித்த உங்கள் மாமியாருக்கு மருந்து கொடுக்காமல், முதலில் ஊசி குத்தி நீரை எடுத்துவிட்டார்கள் என்று உங்களுக்கு வருத்தம். அவர்கள் செய்ததுதான் சரி.

தேய்மான வலி வருஷக்கணக்கில் மெல்ல வளரும். நேற்றுவரை நடந்தவருக்கு ஒரே ஒரு மூட்டு ஒன்றிரண்டு நாளில் வீங்கி, தொட்டால் சுட்டு, லேசாக மடக்கினாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் அது வேறு விஷயம். உள்ளே பாக்டீரியா புகுந்து சீழ் பிடித்திருக்கலாம். காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் அடையக் கூடாது. வயதானவர்கள் பலருக்கு இதில் காய்ச்சல் காய்வதே இல்லை.

கிருமி பெரும்பாலும் ரத்தம் வழியாகத்தான் வருகிறது. காலில் ஆறாத புண், தோலில் ஒரு கட்டி, சிறுநீர்த் தொற்று, எங்கிருந்தும் கிளம்பலாம். மூட்டின் உட்சவ்வில் ரத்தக் குழாய்கள் ஏராளம், தடுப்பு குறைவு. அதிகம் சிக்குவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். நம் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகக் குடியிருப்பது. பெரியவர்களுக்குப் பாதிக்குப் பாதி முட்டியில்தான் வருகிறது. சர்க்கரை நோய், முடக்குவாதம், டயாலிசிஸ், ஸ்டீராய்டு மாத்திரை இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

அவசரம் ஏன் என்றால், எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அழிந்தால் பழையபடி வளராது. கிருமி சுரப்பதும், அதை எதிர்க்க வந்த வெள்ளணுக்கள் சுரப்பதும் சேர்ந்து சில நாட்களிலேயே அதை அரித்துவிடும். குழந்தையின் இடுப்பு மூட்டென்றால் சீழின் அழுத்தமே தொடையெலும்பின் தலைக்குப் போகும் ரத்தத்தை நிறுத்திவிடலாம். பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் உயிரே போகிற நோய் இது. எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுத்து ஒரு வாரம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது.

இப்போது அந்த ஊசிக்கு வருகிறேன். நல்ல முட்டியில் இருப்பது சில மில்லி நீர்தான். இளமஞ்சளாக, பின்னால் வைத்த அச்செழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். ஊசி முனையில் சொட்டு நூலாக நீளும். சீழ் பிடித்த மூட்டிலிருந்து கலங்கலாக வரும், நூல் விடாமல் தண்ணீராகச் சொட்டும். ஆய்வகத்தில் வெள்ளணுக்களை எண்ணுவார்கள். நல்ல நீரில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 200-க்குள். தொற்றில் பெரும்பாலும் 50,000-ஐத் தாண்டும். குறைவாக இருந்தாலும் தொற்று இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. யூரிக் ஆசிட் படிகம் தெரிந்தாலும் அப்படித்தான். கவுட்டும் கிருமியும் ஒரே மூட்டில் சேர்ந்தே இருக்கலாம்.

கடைசி வார்த்தை கல்ச்சருடையது, அதாவது அந்த நீரிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையுடையது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று இரண்டு மூன்று நாளில் அது சொல்லும். மருந்துக்கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் இரண்டு வேளை உள்ளே போயிருந்தால் கல்ச்சரில் எதுவுமே வளராமல் போகலாம். கிருமியோ மூட்டுக்குள் உயிரோடு இருக்கும். பிறகு வாரக்கணக்கில் குத்துமதிப்பாகத்தான் மருந்து. நம் ஊர் வயல் மண்ணிலும் தண்ணீரிலும் மெலியாய்டோசிஸ் கிருமி உண்டு. மழைக்காலத்தில் சர்க்கரை நோயாளிகளைத் தாக்கும், மூட்டிலும் இறங்கும். ஸ்டெஃபைலோகாக்கஸுக்குக் கொடுக்கும் குளோக்சசிலின் அதை அசைக்காது. அதற்கு செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் வேண்டும், பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. கல்ச்சர் இல்லாமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ரத்த அழுத்தம் விழுந்து நோயாளி தள்ளாடும் நிலையென்றால் மட்டும் ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துக்கொண்டு உடனே மருந்தை ஏற்றிவிடுவார்கள்.

நீர் எடுத்ததும் மருந்து தொடங்கும். ஆனால் சீழை உள்ளே விட்டுவிட்டு மருந்து மட்டும் ஏற்றிப் பயனில்லை. மறுபடி மறுபடி ஊசியால் உறிஞ்சுவார்கள், அல்லது சிறு துளை வழியே ஆர்த்ராஸ்கோப் விட்டுக் கழுவுவார்கள். இடுப்பென்றால் பெரும்பாலும் திறந்தே கழுவுவார்கள். மொத்தம் நான்கிலிருந்து ஆறு வாரம் மருந்து என்பது வழக்கம். அவ்வளவு நாளும் நரம்பில்தான் ஏற்ற வேண்டும் என்றில்லை. பிரிட்டனில் எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஓவிவா ஆய்வில், முதல் ஆறு வாரத்துக்குச் சரியான மாத்திரை ஊசிக்குச் சளைக்கவில்லை என்று தெரிந்தது. எனவே மாமியாரை மாத்திரைக்கு மாற்றினால் கைவிட்டதாக நினைக்காதீர்கள். பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மாற்று மூட்டு வைத்தவர்கள் கதை இன்னும் கடினம். பாறையில் பாசி பிடிப்பதுபோலக் கிருமி உலோகத்தில் படலமாக ஒட்டிக்கொள்ளும், மருந்து அதற்குள் எளிதில் வேலை செய்யாது. சீக்கிரம் பிடித்தால் கழுவி, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் துண்டை மாற்றிக் காப்பாற்றலாம். நாள்பட்டால் மூட்டையே கழற்ற வேண்டிவரும். அப்படிப்பட்டவருக்கு முட்டி வீங்கினால், அறுவை செய்த டாக்டர் பார்க்கும்வரை ஒரு ஆன்டிபயாடிக்கும் வாயில் போடக் கூடாது.

நாளைக்கு ரவுண்ட்ஸ் வரும்போது கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததா என்று கேளுங்கள். வலி கொஞ்சம் அடங்கியதும் பிசியோதெரபிஸ்ட் முட்டியை மடக்கச் சொல்வார். பாவம் என்று தடுக்காதீர்கள். அசைக்காமல் விட்டால் இறுகிவிடும்.