பழைய கணினிக்கு இலகுவான டெஸ்க்டாப்

விம்கோ நகரில் நான் பணியாற்றும் பள்ளியின் கணினி அறையில் பத்துக் கணினிகள். எல்லாமே 2 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் கொண்டவை. வகுப்பில் 40 பேர். ஒரு கணினிக்கு நால்வர். “சார், ஹேங் ஆயிடுச்சு” என்று ஒரு குரல் எழுந்தால் நான்கு பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் கணினியே இல்லாத அவர்களுக்கு வாரத்தில் கிடைப்பது அந்த ஒரு பாடவேளைதான்.

‘பழசு, மாற்ற வேண்டியதுதான்’ என்று முடிவுகட்டும் முன் எது போதவில்லை என்று பாருங்கள். லினக்ஸில் உள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ரேம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, ஸ்வாப் எவ்வளவு பயன்படுகிறது என்பது தெரியும். ஸ்வாப் என்பது ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம். மேசையில் இடமில்லாமல் திருத்த வேண்டிய நோட்டுகளை அலமாரிக்கும் மேசைக்குமாகத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் போன்றது அது. திருத்துவதைவிட நடப்பதற்கே நேரம் போகும். டிஸ்க் விளக்கு விடாமல் மின்னினால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வந்தது பலருக்கு நினைவிருக்கும். சி-டாக் சென்னை மையத்தில் உருவான அது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியன் குடும்பத்தில் டெஸ்க்டாப்பை மட்டும் தனியே மாற்றலாம். கோப்புகள் அப்படியே இருக்கும். எங்கள் கணினிகளில் க்னோம் டெஸ்க்டாப் மட்டுமே ஏறத்தாழ 1 ஜிபி எடுத்துக்கொண்டது. எக்ஸ்எஃப்சிஇ நிறுவிய பிறகு அது பாதியாகக் குறைந்தது. நுழைவுத் திரையில் எது வேண்டுமென்று தேர்ந்தெடுக்கலாம். பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பலாம்.

அடுத்து, ‘விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்’ பகுதியில் கம்பாசிட்டரை நிறுத்தினேன். நிழல், ஒளிபுகும் சாளரம் போன்ற அலங்காரங்கள் போய்விடும். பாடத்துக்கு அவை எதற்கு? இசட்ரேம் என்றொரு வசதியும் உண்டு. அதிகம் பயன்படாத தரவை டிஸ்க்குக்கு அனுப்பாமல் ரேமிலேயே சுருக்கி வைக்கும். நடுவில் சிறிது வேலை செய்தாலும் ஹார்ட் டிஸ்க்கைவிட அது பல மடங்கு வேகம்.

இத்தனைக்குப் பிறகும் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் பழைய கதைதான். அதனால் இரண்டு டேப்புக்கு மேல் கூடாது என்பது எங்கள் அறையின் விதி. நிதி கிடைத்தால் முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள். மென்பொருள் மாற்றம் எதுவும் அதற்கு ஈடாகாது.

ஒரு எச்சரிக்கை. கணினி தொடங்கும்போது தானாக இயங்கும் மென்பொருள்களை ‘செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்’ பகுதியில் குறைக்கும்போது, புளூடூத், அச்சுப்பொறி அறிவிப்பு போன்றவற்றைத் தயங்காமல் நிறுத்தலாம். ஐபஸ் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் தொடாதீர்கள். தமிழ்99 தட்டச்சு அதன் வழியாகத்தான் வேலை செய்கிறது.