கரிசல் வெயிலில் ஒரு கேக்

சித்திரை மாதத்துப் பிற்பகலில் அருப்புக்கோட்டை வீடுகளின் அடுக்களை வெப்பம் 38 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தொடும். அந்த நேரத்தில் வெண்ணெயை வெளியே எடுத்து வைத்தால், சர்க்கரையை அளந்து முடிப்பதற்குள் அது நெய்யாக ஓடத் தொடங்கிவிடும். கேக் செய்முறைப் புத்தகங்களோ வெண்ணெயை அறை வெப்பத்துக்குக் கொண்டுவரச் சொல்கின்றன. எழுதியவர்களின் அறை 20 டிகிரி. நம்முடைய அறை வேறு. பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு ரோஜாப் பூ வைத்த கேக்கை வீட்டிலேயே செய்ய உட்காரும் ஒரு பெண்ணுக்கு முதல் சிக்கல் இங்கேயே வந்துவிடுகிறது.

வெண்ணெயில் உள்ள கொழுப்பு ஒரே வகையானதல்ல. பல நூறு வகைக் கொழுப்பு மூலக்கூறுகளின் கலவை அது. சில வகைகள் குளிர்பெட்டிக்குள்ளேயே உருகிக் கிடக்கும். சில 40 டிகிரி வரை கட்டியாக நிற்கும். 20 டிகிரியில் பாதி உருகாமலும் பாதி உறையாமலும் குழைவாக இருக்கும் அந்த நிலைதான் கேக்குக்கு வேண்டியது. அப்போது சர்க்கரையைப் போட்டு அடித்தால், சர்க்கரைத் துகள்களின் கூரிய முனைகள் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கட்டியாக நிற்கும் கொழுப்புத் துணுக்குகள் அந்தக் காற்றுக் குமிழ்களைச் சுற்றி நின்று பிடித்துக்கொள்ளும். மேலே பூசும் பட்டர் க்ரீமின் உயிரும் இந்தத் துணுக்குகளில்தான் இருக்கிறது. 35 டிகிரிக்கு மேல் போனால் அவை ஏறத்தாழ எல்லாமே உருகிவிடும். காற்று வெளியேறும், ரோஜா சாயும்.

பேக்கரிக்காரர்கள் இதற்கு நெடுங்காலம் வனஸ்பதியை நம்பியிருந்தார்கள். எண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் அதன் உருகுநிலை ஏறும். வெயிலிலும் பூ நிற்கும். ஆனால் அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. 2022 ஜனவரி முதல் இந்தியாவில் எண்ணெயிலும் கொழுப்பிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. வீட்டில் பிள்ளைகளுக்குச் செய்கிறவர்கள் வெண்ணெய்க்கே திரும்புவதுதான் சரி என்பது என் எண்ணம். அப்படியானால் வெயிலை என்ன செய்வது?

விடை தண்ணீர்ப் பானையில் இருக்கிறது. பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர், ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 10 டிகிரி குளிர வைக்க ஏறத்தாழ 17 கிராம் நீர் ஆவியானால் போதும், அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதல். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக இது நடக்கும். கடலோரத்துத் தூத்துக்குடியில் பானை அவ்வளவாகக் குளிராது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும். திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் கோடைக் காற்று காய்ந்து கிடப்பதால், வெளியே 38 டிகிரி இருக்கும்போதும் பானைக்குள் 25 டிகிரியை ஒட்டி இறங்க முடியும். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் இரண்டு மண்பானைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பி, மின்சாரமே இல்லாமல் காய்கறிகளைப் பல நாள் வாடாமல் காத்தார். 2000-ஆம் ஆண்டு அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அதே ஏற்பாட்டில் வெண்ணெய்க் கிண்ணத்தை இறக்கி வைத்தால், மின்தடை வந்தாலும் க்ரீம் ஓடாது. நடுப்பகல் வெயில் க்ரீமுக்கு எதிரிதான். ஆனால் அந்த நேரத்துக் காய்ந்த காற்றுதான் பானையை நன்றாகக் குளிர வைக்கிறது. அதிகாலையில் க்ரீம் அடித்து முடிப்பது இன்னும் நல்லது.

கேக் எதனால் உப்புகிறது? மாவில் அடித்துச் சேர்த்த காற்றால் மட்டும் என்றால் போதாது. 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது காற்று கால் பங்களவுகூட முழுதாக விரிவதில்லை. மீதி வேலையை நீராவியும் சோடா மாவும் செய்கின்றன. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் சோடா மாவு, போதிய புளிப்போடு சேர்ந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கரியமில வாயுவைத் தரும். புளிப்பே இல்லாமல் வெறும் சூட்டில் விட்டால் அதில் பாதிதான் கிடைக்கும். மிச்சம் சோடியம் கார்பனேட்டாக நின்று சவுக்காரச் சுவை தரும். முட்டையில்லாத கேக்கில் தயிர் ஊற்றச் சொல்வது இதற்காகத்தான். புரட்டாசியில் முட்டையை ஒதுக்கும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு மிகவும் வேண்டியது. சோடாவையும் புளிப்பையும் ஒரே பொடியில் சேர்த்து 1843-இல் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பேர்டு, பர்மிங்காமில் மருந்துக் கடை வைத்திருந்தவர். அவர் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அந்த ஒவ்வாமையிலிருந்து பிறந்த பொடிதான் இன்று நம் மளிகைக் கடை அலமாரியில் இருப்பது.

வாயு உண்டானால் மட்டும் போதாது, அது தங்க வேண்டும். மைதாவில் குளூட்டன் என்ற புரதம் நீரோடு சேர்ந்து வலைபோல் விரிந்து குமிழைப் பிடிக்கிறது. இந்த வட்டாரத்து மானாவாரிக் காடுகளில் விளையும் குதிரைவாலியில் குளூட்டன் கிடையாது. அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களுக்காகவே இயங்குகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு குதிரைவாலி கேக், கம்பு கப் கேக் என்று பலரும் செய்து பார்க்கிறார்கள். வெறும் குதிரைவாலி மாவும் சோடாவும் சேர்த்துச் சுட்டால் பெரும்பாலும் நடுவில் குழி விழும், அல்லது வெட்டும்போது மணலாக உதிரும்.

நம் அடுக்களையில் இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு. இட்லி மாவில் அரிசிக்கும் குளூட்டன் இல்லை. ஆனாலும் இட்லி பஞ்சாக உப்புகிறது. உளுந்தின் புரதமும் அதிலுள்ள கொழகொழப்பான ஒருவகைச் சர்க்கரைச் சேர்மமும் சேர்ந்து குமிழைப் பிடித்து வைக்கின்றன. லூகோனாஸ்டாக் என்ற நுண்ணுயிர் அந்தக் குமிழுக்கு வாயுவைத் தருகிறது. குதிரைவாலி மாவோடு நன்றாக ஆட்டிய உளுந்து விழுதைக் கொஞ்சம் சேர்த்தால் கேக்கிலும் அதே பிடிமானம் கிடைக்கும். முட்டை சேர்ப்பவர்களுக்கு வெள்ளைக்கரு அந்த வேலையைச் செய்யும். சிறுதானிய மாச்சத்து கோதுமையின் மாச்சத்தைவிடச் சற்றுக் கூடுதலான வெப்பத்தில்தான் வெந்து பசையாகும். நீரை உறிஞ்சவும் நேரமெடுக்கும். சோடா சேர்க்கும் முன் மாவை அரை மணி நேரம் ஊற விட்டால் நறநறப்பு போய்விடும். சோடாவைப் போட்டபின் காத்திருந்தால் வாயு வீணாகும், எனவே வரிசை முக்கியம்.

கேக் என்றாலே வெளியூர்ச் சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைத் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு 1883-இல் செய்ததாகச் சொல்வார்கள். மர்டாக் பிரவுன் என்ற பிரிட்டிஷ் தோட்ட முதலாளி மாதிரிக்கு ஒரு கேக்கைக் கொடுத்து, பிராந்தி சேர்க்கச் சொன்னாராம். பாப்பு உள்ளூரில் காய்ச்சிய சாராயத்தைச் சேர்த்தார். கேக் அச்சை உள்ளூர்க் கொல்லரிடம் அடித்து வாங்கினார். பிரவுனுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

ஓவன் இல்லாத வீடுகளில் கனமான அலுமினியப் பாத்திரத்தின் அடியில் மணல் பரப்பி, மேலே தாங்கி வைத்து, கேக் தட்டை இறக்கி மூடுகிறார்கள். கடலையையும் பொரியையும் மணலில் வறுக்கும் ஊர்களுக்கு இது புதிதல்ல. அடுப்புத் தீ ஓரிடத்தில் சுட்டாலும் மணல் அதைப் பரப்பி நிதானமாக மேலே விடுகிறது. அதோடு இட்லிப் பானையில் நீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. மணலுக்கு அந்த வரம்பு இல்லை, 180-க்கும் போகும். ஆனால் அந்தச் சூட்டிலும் கேக்கின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தொடுவதில்லை, அங்கே ஈரம் இருப்பதால். மேல்தோல் மட்டும் காய்ந்து 140 டிகிரி வாக்கில் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் வருகின்றன. 1912-இல் இந்த வினையை விளக்கிய பிரெஞ்சுக்காரர் மைலார்டின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஒரே மாவு, உள்ளே இட்லிபோல் வெளுத்தும் வெளியே அதிரசம்போல் சிவந்தும் வெந்திருக்கிறது.

இனி நிறம். மஞ்சள் தூள் கொழுப்பில் கரையும், அதனால் பட்டர் க்ரீமில் சீராகப் பரவும். ஆனால் சோடா மிஞ்சிய மாவில் போட்டால் கேக் செங்காவியாகிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் சிவக்கிறதே, அதே வேதியியல்தான் இதுவும். காரத்தில் குர்குமின் நிறம் மாறும். வேலியில் படரும் சங்குப்பூ வேறு மாதிரி. நீரில் நீலமாகக் கரையும். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். சோடா பட்டால் பச்சையாகத் திரும்பும். ஒரே பூவில் மூன்று கிண்ண ஐசிங்குக்கு மூன்று நிறம் எடுக்கலாம். அதைக் கொழுப்பில் கலக்க முயன்றால் திட்டுத் திட்டாக நிற்கும். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரைப் பொடியும் சேர்ந்த ஐசிங்தான் அதற்கு ஏற்றது. பீட்ரூட்டை மாவில் போட்டுச் சுட்டால் சிவப்பு பழுப்பாகும். மேலே பூசும் க்ரீமில் கொஞ்சமாகச் சேர்த்தால் ரோஜா நிறம் அப்படியே நிற்கும்.

அந்த ஐசிங்கைக் கூம்புக்குள் போட்டு அழுத்தினால் நாசில் வழியே வழுவழுவென்று வரும். அழுத்தத்தை நிறுத்தியதும் வரி அசையாமல் நின்றுவிடும். ஓர் அளவு அழுத்தம் வரை திடமாகவும் அதைத் தாண்டினால் திரவமாகவும் நடக்கும் பொருள்கள் இவை. முறுக்கு மாவும் உழக்கில் இதே விதிப்படிதான் பிழிபடுகிறது. நெசவு ஊரான அருப்புக்கோட்டையில் கட்டம் போட்ட சேலையின் கரையை ஒரு கேக்கின் மேல் வரைந்துவிட முடிவது இந்தக் குணத்தால்தான்.

சர்க்கரையில் மல்லிகைப் பூ செய்யத்தான் இந்த ஊர் வெயில் முழு மனதோடு உதவுகிறது. சர்க்கரைப் பொடியில் பிசின் சேர்த்துப் பிசைந்து, மொட்டு மொட்டாக உருட்டிக் காய வைத்தால் சில மணி நேரத்தில் பீங்கான்போல் இறுகிவிடும். கண்மாய்க் கரைகளில் நிற்கும் நாட்டுக் கருவேலத்தின் பிசின், உலகச் சந்தையில் விற்கும் அரபுப் பிசினின் நெருங்கிய உறவு. சர்க்கரைப் பூக்களை ஒட்டவும் மெருகேற்றவும் அரபுப் பிசின் இன்றும் பயன்படுகிறது. சர்க்கரை, காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தை ஒட்டும்போது தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலோரத்தில் கம்பீரமாகச் செய்த பூ மறுநாள் துவள்வது அதனால். கரிசல் காட்டுக் கோடையில் அந்தப் பயம் இல்லை. மாவு காய்ந்து வெடிப்பதுதான் தொல்லை. ஈரத்துணி போர்த்தி, ஒவ்வோர் உருண்டையாக எடுத்தால் சரியாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் கணக்கு மாறுகிறது. ஆண்டின் மழையில் பெரும்பகுதி அப்போதுதான் இறங்குகிறது. குண்டாற்றில் தண்ணீர் தலைகாட்டும் மாதங்களும் அவைதான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கேக்கின் மேல் ஈரக்காற்று பட்டதும் பனி படிந்து, சர்க்கரை மல்லிகை பிசுபிசுக்கும். கேக்கைப் பெட்டியோடு வெளியே எடுத்து, மூடியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விட வேண்டும். பனி அட்டைப் பெட்டியின் மேல் படியும்; கேக் உள்ளே மெல்லச் சூடேறிக்கொள்ளும். பூக்களைத் தனியாகக் காற்றுப் புகாத டப்பாவில், ஒரு துணி முடிச்சில் வறுத்து ஆறிய அரிசியோடு வைத்திருந்து, மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குச் சற்று முன்னால் ஒட்டினால் மழைக்காலத்துப் பிறந்தநாளுக்கும் அவை நிமிர்ந்தே நிற்கும்.