தங்க முலாம் திருகாணியைக் காப்பாற்றாது

நந்திதுர்க் உள்ளிட்ட கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. தங்கம் மென்மையானது என்று அந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் கிடாரின் ட்யூனரைப் பிடித்துவைக்கும் தங்க நிறத் திருகாணியைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. முலாம் வெறும் அழகு. சுமையைத் தாங்குவது உள்ளிருக்கும் சுமார் இரண்டு மில்லிமீட்டர் உலோகம். மரை போக எஞ்சும் தண்டு அதைவிட ஒல்லி. தண்டின் விட்டம் பாதியானால் முறுக்கைத் தாங்கும் வலு எட்டில் ஒன்றாகிவிடும். மேப்பிள் போன்ற கடின மரத்தில் பாதி இறங்கியதும் உரசல் கூடி, தலை மட்டும் கையோடு வந்துவிடுகிறது. மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுவோம். சில நேரம் அது நியாயம்தான். பெரும்பாலும் குற்றம், திருகாணிக்காக முன்பே இடும் துளை சிறிதாக இருப்பதில்தான் இருக்கிறது.

டிரில் பிட்டைத் திருகாணிக்கு முன்னால் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்: தண்டு மறைந்து, இருபுறமும் மரை மட்டும் தெரிய வேண்டும். கடின மரமென்றால் துளை மயிரிழை கூடுதலாக இருக்கலாம். பிடிப்பு போய்விடாதா என்பார்கள். மரத்தைக் கவ்வுவது மரைதானே, தண்டு அல்ல. சோப்பு தடவும் பழக்கமும் உண்டு. அது ஈரத்தை இழுத்துத் துருவேற்றும், மெழுகே நல்லது. பித்தளைத் திருகாணியானால், அதே அளவு எஃகுத் திருகாணியால் முதலில் மரையை வெட்டிக்கொள்ளலாம். மெஷின் வேண்டாம், கை ஸ்க்ரூடிரைவர் போதும். இறுகினால் பின்னோக்கித் திருப்பி, கழற்றித் தூளைத் தட்ட வேண்டும். அப்படியும் உடைந்தால், குழாய் வடிவ பிட்டால் சுற்றிலும் குடைந்து துண்டை எடுத்து, மரக்குச்சியைப் பசையிட்டு அடைத்துப் புதிதாகத் துளையிடுவார்கள்.