உமிக்கரியும் பல்லின் எனாமலும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் உமிக்கரியால் பல் துலக்குவது பழைய வழக்கமாகும். நெல் உமியில் சிலிகா மிகுதி. கரியில் எஞ்சும் அதன் கரடான துகள்கள் அழுக்கை நீக்குவதோடு, எனாமல் என்னும் பல்லின் மேலுறையையும் சிறுகச் சிறுகத் தேய்க்கின்றன. தேய்ந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. குளிர்ந்த நீர் பட்டாலும் பல் கூசும்.

பற்சொத்தைக்குக் காரணம் வேறு. பல்லில் படிந்த நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் எனாமலைக் கரைக்கிறது. ஃபுளோரைடு எனாமலை உறுதிப்படுத்தி இதனைத் தடுக்க உதவுகிறது. அப்பாதுகாப்பைக் கரி அளிப்பதில்லை.

ஆதலின், 10 லட்சம் பங்கில் சுமார் 1,000 பங்கு ஃபுளோரைடு கலந்த பற்பசையைக் கொண்டு, மென்மையான தூரிகையால் காலையிலும் உறங்குமுன்னும் 2 நிமிடம் துலக்குதல் நன்று. ஆசிரியர்களும் கிராமப் பணியாளர்களும் முன்னோர் வழக்கத்தை இகழாது, நாள்தோறும் துலக்கும் ஒழுங்கைப் பாராட்டி, துலக்கும் பொருளை மட்டும் மாற்றுமாறு அறிவுறுத்தலாம்.